பொறுத்த கடன்

என் புருஷன் பஸ்ரியனைப் பற்றிப் பள்ளிமுனையில் யாரிடம் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்றுதான் சொல்வார்கள். தங்கம் என்றால் ஆபத்துக்கு அடகு வைக்கலாம். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்திருக்க முடியும்? வீடு போனது, காணி போனது, கிணறு போனது. மனுஷன் மட்டும் மிஞ்சினார்.

மன்னார்த் தீவில் நல்ல தண்ணீர்க் கிணறு என்பது சின்ன விஷயம் இல்லை. தோண்டிய இடமெல்லாம் உப்புத்தான் வரும். எங்கள் வீட்டு வளவுக் கிணறு மட்டும் என்ன புண்ணியமோ, இளநீர் மாதிரி இருந்தது. மாமனார் வெட்டியது. தெருவில் இருந்த பதினேழு வீடும் அதில்தான் அள்ளின. நாங்கள் யாரையும் மறித்ததில்லை. கலியாணம் முடித்து அந்த வளவுக்குள் வந்த அன்று நான் வீட்டைப் பார்த்து மயங்கவில்லை, அது ஓலை வேய்ந்த மண்சுவர் வீடு. கிணற்றைப் பார்த்துத்தான் இனி எனக்கு ஒரு குறையும் வராது என்று நினைத்தேன். நினைப்புக்கு என்ன, அது பாட்டுக்கு நினைக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதாம் ஆண்டில் இவரும் மூர்வீதி மஹ்மூதும் சேர்ந்து, கடற்கரையில் மீன் காயப்போடும் ஒரு கருவாட்டு வாடியையும் அதை ஒட்டிச் சரக்கு அடுக்கும் கிட்டங்கியையும் ஐந்து வருஷக் குத்தகைக்கு எடுத்தார்கள். இடம் முருங்கனில் வயல் வைத்திருந்த நவரத்தினம் என்பவருடையது. வருஷத்துக்கு இருநூறு ரூபாய். மீன் பிடிப்பதும் காயவைப்பதும் இவர் பாடு. கருவாட்டை ரயிலில் கொழும்புக்கு அனுப்பி விற்பது மஹ்மூதின் பாடு. நொத்தாரிசு தான் எழுதிய உறுதிப் பத்திரத்தை வாசித்துக் காட்டி, "ஒருத்தர் கட்டாட்டி மற்றவர் முழுக்கவும் கட்டவேணும், விளங்குதோ?" என்று கேட்டாராம். மஹ்மூது சிரித்தானாம். "நான் கட்டாட்டி பஸ்ரியண்ணன் கட்டுவார், அவர் கட்டாட்டி நான் கட்டுவன். இதையெல்லாம் எழுதவும் வேணுமோ?" என்றானாம். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டு, வரும் வழியில் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தார்கள்.

ஒவ்வொரு வருஷமும் இவர் தன் பங்கு நூறு ரூபாயை மஹ்மூதின் கையில் கொடுப்பார். அவன் தன்னுடைய நூறையும் சேர்த்து முருங்கனுக்கு அனுப்ப வேண்டும். "காசு குடுத்ததுக்கு ஒரு துண்டு எழுதி வாங்கினீங்களோ?" என்று நான் கேட்டேன். "தம்பியிட்டையோ துண்டு கேக்கிறது?" என்று என்னை ஏதோ புழுவைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார். கூடப் பிறந்தவர்களிடம்கூட அவர் இவ்வளவு உருகியதில்லை.

முதல் வருஷம் ஒழுங்காகப் போனது. அதற்குப் பிறகு கொழும்பில் வியாபாரம் படுத்துவிட்டது. எங்கே பார்த்தாலும் பஞ்சம், கருவாட்டுக்கு விலையில்லை. மஹ்மூது ஒரு கொழும்பு மொத்த வியாபாரியிடம் முற்பணம் வாங்கியிருந்தான். அந்தக் கடன் தலைக்கு மேல் போனது. எங்களுக்கு இது ஒன்றும் தெரியாது. முப்பத்திரண்டாம் ஆண்டு தை மாதம் ஒரு நாள் காலையில் அவன் வந்து கிணற்றடியில் நின்றான். வீட்டுக்குள் வரச் சொல்லியும் வரவில்லை.

"பஸ்ரியண்ணன், நான் கடன் கட்ட வழியில்லையெண்டு கோட்டிலை நீதவானிட்டை வங்குறோத்து எழுதிக் குடுத்திட்டன். இல்லாட்டி கடன்காரர் என்னை மறியலிலை போட்டிருப்பாங்கள்."

"வாடிக் குத்தகை?" என்றார் இவர்.

"ரெண்டு வருசமாக் கட்டயில்லை அண்ணன். நீங்கள் தந்ததையும் சேர்த்துக் கொழும்புக் கடனுக்குப் போட்டிட்டன். அடுத்த மாசம் அடுத்த மாசம் எண்டு நவரத்தினத்தாருக்குக் காயிதம் எழிதிக்கொண்டிருந்தனான். என்ரை கணக்குக் கொப்பியிலை எல்லாம் எழிதி வைச்சிருக்கிறன். உங்கட பங்கு நூறு, நூறு எண்டு ரெண்டு வருசத்துக்கும் இருக்கு. கொப்பி இப்ப கோட்டிலை."

சொல்லிவிட்டு அழுதான். நான் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் இவர் வாளியைப் போட்டுத் தண்ணீர் அள்ளி அவனுக்குக் குடிக்கக் கொடுத்தார். மஹ்மூது கெட்டவன் என்று நான் சொல்ல மாட்டேன். ஏமாற்ற நினைத்தவன் கொப்பியில் எழுதி வைப்பானா? நல்லவர்களால்தான் நான் அழிந்தேன். கெட்டவன் ஒருவனால் அழிந்திருந்தால் சபித்தாவது ஆறியிருப்பேன்.

மாசி பிறக்க முன்னமே எங்களுக்கு அழைப்பாணை வந்தது. நானூறு ரூபாயையும் பஸ்ரியனே கட்ட வேண்டும் என்று நவரத்தினத்தார் வழக்குப் போட்டிருந்தார். இருவரும் வழக்குப் பேசும் புறக்டரின் கந்தோருக்குப் போனோம். அவர் கதிரையில் சாய்ந்துகொண்டு பொறுமையாகத்தான் விளக்கினார்.

"மஹ்மூதின்ரை வங்குறோத்து மஹ்மூதுக்கு மட்டும் பிடிச்ச குடை. அதுக்குள்ளை நீங்கள் நிக்கேலாது. இனி அவரை ஆரும் பிடிக்கேலாது, ஆனா உங்களைப் பிடிக்கலாம்."

"நான் என்ரை பாதியைக் குடுத்திட்டனே ஐயா," என்றார் இவர்.

"குடுத்தது மஹ்மூதிட்டை. நவரத்தினத்தாரிட்டை இல்லையே. அவருக்கு ரெண்டு பேரும் ஒண்டுதான். மஹ்மூதின்ரை சொத்திலை பங்கு கேட்டு அவர் ஏன் வரிசையிலை நிக்கப் போறார்? உங்கட வளவு கண்ணுக்கு முன்னாலை கிடக்கு."

கட்டாதவனுக்குக் குடை, கட்டியவனுக்கு மழை. இந்தச் சட்டத்தை எந்தப் புத்திசாலி எழுதினானோ, அவன் ஒரு நாளாவது கூட்டுக்கு வியாபாரம் செய்து பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் ஒரு வழி இருந்தது. மஹ்மூதின் வீட்டையும் சரக்குத் தோணியையும் கோடு விற்று, கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப் போகிறது. ரூபாய்க்கு ஐம்பது சதம் தேறும் என்றார் புறக்டர். இவர் மஹ்மூதிடம் கொடுத்த இருநூறு ரூபாயும் கடன்தான். கொப்பியில் எழுத்து இருக்கிறது. கேட்டால் நூறு ரூபாய் கிடைக்கும். புறக்டரே முருங்கனுக்குக் காயிதம் எழுதினார். உயிர்த்த ஞாயிறுக்கு முன் நூறு ரூபாய் கட்டினால் மிச்சத்தை மாதம் பத்துப் பத்தாக வாங்கிக்கொள்கிறேன், கட்டாவிட்டால் வளவை ஏலத்தில் விடுவேன் என்று நவரத்தினத்தார் பதில் எழுதினார். அவரும் கெட்டவர் இல்லை பாருங்கள். அந்த வருஷம் அவருடைய வயலும் விளையவில்லை.

எங்கள் தோணியும் வலையும் ஏற்கெனவே கடனுக்கு ஈட்டில் இருந்தன. என் காதில் கிடந்ததை விற்றுப் புறக்டருக்குக் கொடுத்தாயிற்று. ஆகவே எங்களுக்கு இருந்தது அந்த நூறு ரூபாய் ஒன்றுதான். அது வந்தால் வளவு, வராவிட்டால் தெரு. நான் தபசு காலம் முழுக்கக் கோயிலில் முழங்காலில் நின்று ஆண்டவரிடம் வேறொன்றும் கேட்கவில்லை, நூறு ரூபாயைத்தான் கேட்டேன்.

தபசின் மூன்றாம் கிழமை மஹ்மூது காய்ச்சலில் விழுந்தான். ஐந்தாம் நாள் மவுத்தானான். முப்பத்தைந்து வயது.

நாங்கள் இரண்டு பேரும் மூர்வீதிக்குப் போனோம். இவர் வெளியில் ஆண்களோடு நின்றார். நான் உள்ளே மஹ்மூதின் பெண்சாதி சபூராவின் பக்கத்தில் இருந்தேன். அவள் என் கையைப் பிடித்த பிடியை விடவில்லை. வாசலில் தொங்கவிட்ட பாய்க்கு அந்தப் பக்கம் பிரேதம் வைத்த சந்தூக்கைத் தூக்க ஆயத்தமானார்கள். அவர்களிடத்தில் ஒரு வழக்கம். மய்யித்தை எடுக்குமுன் உரித்தாளி ஒருவர் எழும்பி, செத்தவர் யாருக்கும் கடன்பட்டிருந்தால் தன்னிடம் வந்து கேட்கும்படியோ அல்லது மன்னித்து விடும்படியோ சனத்தைக் கேட்க வேண்டும். மஹ்மூதின் அண்ணன் மீராசாஹிபு காக்கா எழும்பினார். தம்பியின் கடனுக்குப் பிணை நின்று தன் கடையையும் இழந்தவர் அவர்.

"என்ரை தம்பி ஆருக்கும் கடன்பட்டிருந்தா என்னட்டை வாங்கோ எண்டு சொல்லவேணும்," என்றார். "என்னட்டை ஒண்டும் இல்லையெண்டு உங்களுக்குத் தெரியும். ஏலுமானவங்க அல்லாவுக்காகப் பொறுத்து ஹலாலாக்கிக் குடுங்கோ. கடனோடை இவனைக் குழிக்குள்ளை வைக்க எனக்கு மனம் வருகுதில்லை."

எங்கோ ஒரு கழுதை கத்தியது. நான் பாய்க்கு அந்தப் பக்கம் காதைக் கொடுத்தேன், ஏனென்றால் இவரை எனக்குத் தெரியும்.

"நான் பொறுத்திட்டன் காக்கா. தம்பி எனக்கு ஒரு சதமும் தரத் தேவையில்லை. எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கோ."

என் புருஷனின் குரல்தான். தோணியில் நின்று கரைக்குக் கூப்பிடுகிற குரல். எல்லாரும் கேட்டுக்கொள்ளச் சொல்லி யார் அழுதார்கள்? மெல்லமாய்ச் சொன்னால் அல்லாவுக்குக் கேட்டிருக்காதா?

சபூரா என் கையைத் தன் முகத்தில் வைத்து முத்தமிட்டாள். அவள் கண்ணீர் என் விரல்களுக்குள் ஓடியது. நான் பொய் சொல்ல விரும்பவில்லை: அந்த நேரம் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இப்படி ஒருவரையா நான் கட்டியிருக்கிறேன் என்று நெஞ்சு நிறைந்தது. வீட்டுக்கு வந்து உலைக்குத் தண்ணீர் அள்ளக் கயிற்றைப் பிடித்த பிறகுதான் என்ன நடந்தது என்று விளங்கியது. கயிற்றை விட்டுவிட்டுக் கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டேன்.

அதோடு போயிருந்தாலும் தப்பியிருப்போம். ஊர் புகழ்ந்தது. வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சுவாமி பிரசங்கத்தில் சொன்னார். இவர் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். சனம் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. அந்தப் புகழ் தெருத் தெருவாகப் போய், கொழும்பு வியாபாரிக்கு மன்னாரில் ஆளாக இருந்த காமில் என்பவரின் காதில் விழுந்தது. மஹ்மூதின் சொத்தில் பங்குக்கு வருகிறவர்கள் ஒருவர் குறைந்தால் மற்றவர்களுக்குக் கூடக் கிடைக்கும். பஸ்ரியன் கடனை மன்னித்துவிட்டார், இனி அவருக்குப் பங்கு இல்லை என்று காமில் கோட்டுக்கு அறிவித்தார்.

"ஒரு சாட்சியும் வராட்டி காமிலாலை ஒண்டும் செய்யேலாது," என்றார் புறக்டர். மூர்வீதியில் ஒருவரும் சாட்சிக்கு வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் மீராசாஹிபு காக்காவைக் கோடு அழைத்திருந்தது. அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மடியில் இருந்து ஒரு சின்ன முடிச்சை எடுத்து வைத்தார்.

"பள்ளியிலை சேர்த்தது, இருவத்திரெண்டு ரூவா. இவ்வளவுதான் சேர்ந்தது, மகள்."

நான் கையை நீட்டினேன். இவர் முடிச்சை எடுத்து அவர் கையிலேயே திரும்ப வைத்தார். "பொறுத்ததுக்குக் கூலி வாங்கிறதோ, காக்கா?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு இவருடைய தலையில் வாளியைக் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது.

காக்கா முடிச்சைத் திரும்ப மடியில் செருகினார். பிறகு, "எனக்குக் காது மந்தமெண்டு கோட்டிலை சொல்லுவன். பொண்டுகள் அழுத சத்தத்திலை ஒண்டும் கேக்கயில்லை எண்டு சொல்லுவன். நீங்களும் ஞாபகமில்லை எண்டு சொல்லுங்கோ," என்றார். சொல்லும்போது நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து வேளையும் தொழுகிற மனுஷன்.

அவர் போன பிறகு நான் இவர் முன்னால் நின்றேன். "இஞ்சேருங்கோ, ஞாபகமில்லை. ஒரே ஒரு சொல். எனக்காக வேண்டாம், உங்கட அப்பா வெட்டின கிணத்துக்காக."

"ஓம்," என்றார்.

"சத்தியமா?"

"ஓம் எண்டனே பெற்றிசியா."

வழக்கு குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வியாழன். கோடு நிறைய ஆட்கள். காக்காவைக் கூப்பிட்டுக் குர்ஆனைக் கையில் கொடுத்தார்கள். காமிலின் புறக்டர் கேட்டதற்கு, "எனக்கு ஒண்டும் கேக்கயில்லை. பொண்டுகள் சத்தம் வைச்சு அழுதுகொண்டிருந்தாங்க," என்று சொன்னபடியே சொன்னார். சொல்லி முடித்து இறங்கும்போது கால் தடுக்கியது.

பிறகு இவரைக் கூப்பிட்டார்கள். வேதப் புத்தகத்தில் கையை வைத்தார்.

"மய்யித்து வீட்டிலை நீங்கள் கடனைப் பொறுத்ததாகச் சொன்னீங்களோ?"

இவர் காக்கா இருந்த பக்கம் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"சொன்னனான்," என்றார்.

கோட்டுக்குள் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. எங்கள் புறக்டர் தலையில் கையை வைத்தார். ஆனால் வெள்ளைக்கார நீதவான் கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கினார். மொழிபெயர்க்கும் முதலியாரிடம் ஏதோ நெடுநேரம் சொன்னார். முதலியார் இவர் பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். அவர் குரலிலும் ஒரு இரக்கம் இருந்தது.

"துரை கேக்கிறார். செத்த வீட்டிலை ஆறுதலுக்குச் சொல்லுறது வழமை எண்டு அவருக்குத் தெரியும். நீங்கள் அந்த ஆளின்ரை பாவத்தைத்தானே பொறுத்தது? ஆத்துமத்துக்காகத்தானே சொன்னது? காசைப் பற்றி நீங்கள் நினைச்சிருக்கமாட்டீங்கள். அப்பிடித்தானே?"

இதைவிட ஒரு நீதவான் என்ன செய்வார்? கதவைத் திறந்து, கையைப் பிடித்து, உள்ளே வா என்று கூப்பிட்டது மாதிரி. பொய்கூடத் தேவையில்லை. ஓம் என்றால் போதும். நான் எழும்பியே நின்றுவிட்டேன். யாரோ சேலையைப் பிடித்து இருத்தினார்கள்.

இவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அதுதான் எனக்கு இன்னும் ஆறாதது.

"காசைத்தான் ஐயா பொறுத்தனான்," என்றார். "அவன் செய்த பாவமே அந்தக் காசுதானே. காசை வைச்சுக்கொண்டு பாவத்தை மட்டும் எப்பிடிப் பொறுக்கிறது?"

நீதவான் பேனையை வைத்துவிட்டு இவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுதினார். இவருடைய பெயர் கடன்காரர் பட்டியலில் இருந்து வெட்டப்பட்டது.

வெளியே மதில் நிழலில் மீராசாஹிபு காக்கா குந்தியிருந்தார். இவர் அவரிடம் போனார். காக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"நான் குர்ஆனிலை கை வைச்சுப் பொய் சொன்னனே பஸ்ரியன். உம்மட வீட்டுக்காகச் சொன்னனே. நீர் உண்மையைச் சொல்லுறதெண்டால் எனக்கு முந்தியே சொல்லியிருக்கக் கூடாதோ?"

"பொய் சொல்லத்தான் காக்கா போனனான்," என்றார் இவர். "நீங்கள் சொல்லிப்போட்டு இறங்கேக்கை உங்கட முகத்தைக் கண்டன். பிறகு ஏலாமல் போச்சு."

காக்கா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். நான் இரண்டு பேரையும் விட்டுவிட்டு நடந்தேன். ஒருவரின் பொய்யும் வீண், மற்றவரின் உண்மையும் வீண். என் வளவுக்கு இரண்டும் உதவவில்லை.

உயிர்த்த ஞாயிறு வந்தது, போனது. வைகாசியில் கோட்டுப் பிஸ்காலின் ஆட்கள் வந்து தமுக்கு அடித்து ஏலம் விட்டார்கள். கேட்க ஆளில்லாததால் நவரத்தினத்தாரே எடுத்தார். இவர் ஏலம் முடியும்வரை வேலிக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் சட்டி பானையைச் சாக்கில் கட்டினேன். தெரு முடிவில், கடல் ஏறினால் தண்ணீர் வருகிற ஒரு கொட்டிலுக்குப் போனோம்.

நவரத்தினத்தார் வளவைத் தன் நெல் வியாபாரத்தைப் பார்க்கிற ஒரு ஆளுக்கு விற்றார். அவன் வந்த கிழமையே கிணற்றைச் சுற்றி வேலி அடைத்துப் படலைக்குப் பூட்டுப் போட்டான். அவன் வாங்கிய இடம், அவன் பூட்டு. பதினேழு வீட்டுப் பெண்களும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு கட்டை, முழுசாக ஒரு மைல் தூரம் நடக்கத் தொடங்கினார்கள். முதல் கிழமை எங்களைப் பார்த்து இரங்கினார்கள். இரண்டாம் கிழமை முகம் கொடுக்கவில்லை. புழுதியில் குடத்தோடு நடக்கிறவளுக்கு எவ்வளவு நாளைக்கு இரக்கம் இருக்கும்? நான் அவர்களைக் குறை சொல்லவில்லை, நானும் அவர்களோடுதான் நடந்தேன்.

ஆனியில் ஒரு பின்னேரம். இவர் கொட்டிலுக்குள் இருந்து யாரோ ஒருவரின் கிழிந்த வலையைக் கூலிக்கு ஊசியால் பொத்திக்கொண்டிருந்தார். நான் வாசலில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். முன்பு எங்கள் பக்கத்து வளவில் இருந்தவள் தண்ணீரோடு வந்து, குடத்தை எங்கள் வாசலில் இறக்கி வைத்தாள். கைக்குழந்தைக்காரி. கால் வெடித்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"செத்தவனுக்கு இரங்கினாராம்," என்று உள்ளே கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னாள். "உசிரோடை இருக்கிற எங்களுக்கு ஆர் இரங்கிறது? ஊர் குடிச்ச தண்ணியை ஒரு வாயாலை குடுத்திட்டு வந்து நிக்கிறார். நல்ல பேர் எடுக்க அவருக்கு எங்கட கிணறுதானோ கிடைச்சது?"

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

உள்ளே ஊசி நின்றது. இவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். கோட்டில் பார்க்காத மனுஷன், அன்று பார்த்தார். பதின்மூன்று வருஷம் கூட இருந்தவளுக்கு அந்தப் பார்வை என்ன கேட்கிறது என்று தெரியாதா? நீங்கள் செய்தது சரிதான் என்று ஒரு வார்த்தை. பொய்யாகச் சொல்லியிருந்தாலும் அவருக்குப் போதும். அவருடைய கண் அவ்வளவு கேட்டது.

நான் அரிசியைக் களைந்து உலையில் போட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் ஆறு வருஷம் உயிரோடு இருந்தார். அந்த ஆறு வருஷத்திலும் நான் அதைச் சொல்லவில்லை.